மாங்காய் ஓய்கிற நேரத்தில் பிளம்ஸ்

மே கடைசியிலேயே சென்னை எம்.சி. ரோட்டுத் தள்ளுவண்டிகளில் பிளம்ஸ் தலைகாட்ட ஆரம்பித்துவிடும். முதலில் வருவது கொடைக்கானல், நீலகிரிப் பக்கத்துப் பழம். சின்னதாக, புளிப்பு தூக்கலாக இருக்கும். அப்புறம் இமாசலத்துப் பழம் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும்; பெரிசு, விலையும் கூட. வண்டிக்காரரைக் கேட்டால் இரண்டுமே ஊட்டிதான். பெரிய பழம் அப்படியே கடித்துத் தின்ன நன்றாக இருக்கும். ஆனால் அடுப்படிக்கு எனக்கு அந்தப் புளித்த சின்னப் பழம்தான் வேண்டும். மாங்காய் ஓய்கிற நேரத்தில் வருகிறது, மாங்காய் செய்கிற வேலையை எல்லாம் செய்கிறது. நம் ஆட்கள் இதை ஆப்பிளோடு சேர்த்துத் தட்டில் அழகுக்கு வைப்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

வாங்கும்போது நிறத்தை நம்ப வேண்டாம். கறுஞ்சிவப்பாக இருந்தும் கல்லாக இருக்கும் பழம் உண்டு. காம்புக் குழிப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள்; கொஞ்சம் இடம் கொடுத்தால் அன்றைக்கே சாப்பிடலாம். தோலில் வெள்ளையாகப் படிந்திருப்பதை மருந்து என்று நினைத்துப் பலர் ஒதுக்குகிறார்கள். அது பழம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. துணியால் துடைத்துப் பளபளவென்று அடுக்கியிருப்பதைவிட, வெள்ளை கலையாமல் இருப்பதைத்தான் நான் எடுப்பேன். கை அதிகம் படாத பழம் என்று அர்த்தம். சாப்பிடும் முன் நன்றாகக் கழுவினால் போதும், வாங்கி வந்ததும் கழுவி வைக்காதீர்கள்.

கல்லாக இருக்கும் பழத்தை நேராக ஃபிரிட்ஜில் வைப்பதுதான் பெரிய கேடு. பழுக்காத பிளம்ஸ் அந்தக் குளிரில் பல நாள் கிடந்தால் சதை மாவாகிவிடும், சாறும் இருக்காது. பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் தேறாது. செய்தித்தாளில் ஒரே அடுக்காகப் பரப்பி மூடி வையுங்கள். நம் ஊர் புழுக்கத்துக்கு ஓரிரு நாளில் கனிந்துவிடும். கனிந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

பச்சையாகத் தின்ன, பழத்தின் நடுவில் ஓடும் கோட்டோடு கத்தியை விட்டுச் சுற்றி வெட்டி, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகுங்கள். கொட்டை விடவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் செதுக்கி எடுங்கள். பீச்சில் மாங்காய்க்குத் தூவும் உப்பும் மிளகாய்த்தூளும் இதற்கும் போதும்.

இனி பச்சடி. அரை கிலோ புளித்த பழத்தைத் தோலோடு துண்டு போடுங்கள். தோலில்தான் புளிப்பும் நிறமும் இருக்கின்றன, உரித்தால் மிஞ்சுவது வெறும் இனிப்புச் சதைதான். எண்ணெயில் கடுகு, இரண்டு காய்ந்த மிளகாய் தாளித்து, துண்டுகளைப் போட்டு, கால் டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்து மூடுங்கள். தண்ணீர் அதற்கு மேல் வேண்டாம், பழமே விடும். சில நிமிடங்களில் தோல் ஓரம் சுருண்டு சதையிலிருந்து கழன்று வரும். மஞ்சளாக இருந்த கூழ் தோலைச் சுற்றி முதலில் இளஞ்சிவப்பாகும், கரண்டியால் ஒரு கிளறு கிளறினால் சட்டி முழுக்கச் சிவந்துவிடும். வெல்லம் போட வேண்டிய நேரம் அதுதான், முன்னால் போட்டால் துண்டுகள் சரியாகக் குழையாது. நூற்றைம்பது கிராம் போட்டு ருசி பாருங்கள், புளிப்புக்குத் தக்கபடி கூட்டலாம். அரை ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டு, கரண்டியில் ஒட்டும் பதத்தில் இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும். தயிர் சாதத்துக்கு இதைவிடத் தோது எனக்குத் தெரியாது.

அடுத்தது நெத்திலிக் குழம்பு. ஜூன் 14ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போனதும் காசிமேட்டில் மீன் வரத்து கூடும். வண்டியில் பிளம்ஸும் அப்போதுதான் குவிந்திருக்கும். நெத்திலிக்கு மாங்காய் போடாத வீடு எங்கள் பக்கம் குறைவு. நல்ல மாங்காய் கிடைக்காத அன்று கெட்டியான பிளம்ஸைப் பாதியாக வெட்டிப் போடுகிறேன். என் மாமியார் முதல் தடவை, "ஆஸ்பத்திரிக்கு வாங்கிட்டுப் போற பழத்த எடுத்து மீன் கொழம்புல போடுறியேம்மா" என்றார். சாப்பிட்டுவிட்டு வேறொன்றும் சொல்லவில்லை, இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். வழக்கமாகக் கரைக்கும் புளியில் பாதி போதும். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே வந்ததும் பழத்தைப் போட்டு, அது முக்கால் பதம் வெந்த பிறகு நெத்திலியைச் சேருங்கள். மீன் மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும். அதற்கப்புறம் கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றிவிடுங்கள். கனிந்த பழத்தை இதில் போட வேண்டாம், கரைந்து குழம்பு தித்தித்துப் போகும்.

ஜாம் சுலபம். ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை. இறுக வைக்கத் தனியாக எதுவும் போட வேண்டாம், பழத்திலேயே பெக்டின் இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்த சில்லென்ற தட்டில் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மொட்டை மாடியில் காயவைத்து உலர்ந்த பழம் செய்யலாமா என்று கேட்கிறார்கள். ஜூன், ஜூலையில் சாயங்காலம் எப்போது மழை கொட்டும் என்று யாருக்குத் தெரியும்? பூஞ்சைதான் மிஞ்சும். பிரியாணிக்கு வேண்டுமென்றால் சௌகார்பேட்டையில் ஆலுபுக்காரா என்று கேட்டு வாங்கிவிடலாம்.

ஜூஸ் அடிக்கும்போது கொட்டையை எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். உள்ளே இருக்கும் பருப்பு அரைபட்டால் சயனைடு உண்டாகும். பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். இந்தப் பழத்தில் இருக்கும் சார்பிட்டால் வயிற்றை இளக்கிவிடும், மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது.