கண்ணில் பந்து பட்டு உள்ளே ரத்தம் கட்டினால் என்ன செய்வது?

முதலில் ஆளை உட்கார வைத்து, கண்ணைத் தொடாமல் பாருங்கள். கருவிழிக்கு முன்னால், அடிப்பக்கமாக ரத்தம் மட்டம் கட்டி நின்றால் அதுதான் ஹைஃபீமா. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பந்து பட்ட என் அக்கா மகனுக்கு, கருவிழியின் கீழ் விளிம்பில் நகக்கீற்று அளவுக்குச் சிவப்பு நின்றது. படுத்திருந்தால் ரத்தம் பரவிவிடும், பார்வை மங்கல் மட்டும்தான் தெரியும். வெள்ளைவிழி மட்டும் சிவந்திருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அடிபட்ட கண்ணை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, கண்ணை மூடுங்கள், அழுத்தாமல். பஞ்சு வைத்துக் கட்டவே கூடாது. பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காரும்படி பிளாஸ்திரி ஒட்டினால் போதும். தண்ணீர், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள்.

அன்றைக்கே கிளம்புங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, அதைத் தாண்டினால் ஜிப்மர். பாப்பா (கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்புத் துளை) வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்திருந்தாலோ, வாந்தி, தலைசுற்றல் இருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டலாம். இப்யூப்ரோஃபென் கலந்த கூட்டு மாத்திரைகள் நிறைய இருப்பதால் அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

வீட்டில் எங்களைப் பாடாய்ப்படுத்தியது தூக்கம்தான். தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்திப் படுக்கச் சொல்வார்கள். அப்போதுதான் ரத்தம் அடியில் தங்கும், பாப்பாவை மறைக்காது, கண்ணீர்மம் (கண்ணுக்குள்ளேயே ஊறும் நீர்) வடியும் பாதையும் மேற்பக்கமாவது அடைபடாமல் இருக்கும். தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் மடங்குகிறது, நடுராத்திரியில் பிள்ளை சறுக்கிக் கீழே வந்துவிடுகிறான். சரியாக வந்தது பழைய வழிதான்: கட்டிலின் தலைமாட்டில் மர நாற்காலியைக் கவிழ்த்து, அதன் முதுகுப் பலகை சரிவாக நிற்கும்படி வைத்து, மேலே மெத்தையை மடித்துப் போட்டோம். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்தால் சறுக்காது. துணி போட்ட சாய்வு நாற்காலி வீட்டில் இருந்தால் வேறெதுவும் வேண்டாம், அதுவே உத்தமம்.

சொட்டு மருந்து பெரும்பாலும் இரண்டு வகை: பாப்பாவை விரிய வைப்பது ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். முதலாவதை விட்டால் வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, பயப்படாதீர்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதல் ஐந்து நாட்கள்தான் கண்டம். உள்ளே மறுபடி கசிந்தால் கண் அழுத்தம் ஏறும், பார்வைக்கே ஆபத்து. ஓடுவது, குனிவது, பாரம் தூக்குவது கூடாது. மலச்சிக்கலில் முக்குவதும் கூடாது, பழமும் கீரையும் கொடுங்கள். திடீரென வலி கூடினாலோ பார்வை இன்னும் மங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பின்சேர்க்கை: அப்பா இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார், நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நீங்களாக நிறுத்தவே வேண்டாம். மாத்திரை அட்டையையே கண் டாக்டரிடம் காட்டுங்கள், இதய டாக்டரோடு பேசி அவர்கள் முடிவு செய்யட்டும்.

ரத்தம் கரைந்துவிட்டதே, இனி எதற்குப் போக வேண்டும் என்று வேறு சிலர் கேட்டார்கள். அடிபட்டதில் கண்ணின் வடிகால் மூலை கிழிந்திருந்தால் பல வருடம் கழித்துக்கூடக் கண் அழுத்த நோய் வரலாம். அதனால் சுமார் ஒரு மாதத்தில் லென்ஸ் வைத்து அந்த மூலையைப் பார்ப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். அப்புறம் வருடம் ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்தி, எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் எந்தக் கண்ணில் அடிபட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.