இளவரசி கிரீடத்துக்குப் பலா இலை போதும்

பிள்ளையின் பிறந்தநாளை முற்றத்தில் இளவரசி வேடத்தோடு கொண்டாடுவதாக இருந்தால் கிரீடத்தைக் கடையில் வாங்காதீர்கள், பலா இலையில் தைத்துவிடலாம். முற்றிய இலை 10, 12 எடுத்து, காம்பைக் கிள்ளி, வடியும் பாலைத் துடைத்துவிட்டு (துணியில் பட்டால் கறை போகாது), ஓரம் ஏறும்படி அடுக்கி ஈர்க்குத் துண்டால் கோர்த்தால் ஒரு தலைக்குச் சரியாக வரும். இலை தடிமன் என்பதால் காலையில் தைத்தது சாயங்காலம்வரை வாடாது, அட்டைக் கிரீடம்போல வியர்வையில் நைந்தும் போகாது. முன்னால் செருக நாலைந்து கேந்திப்பூ (செண்டுமல்லி) போதும். ஓணம், முகூர்த்த நாட்களில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் விலை ஏறிவிடும், அப்போது வேலிச் செம்பருத்தியே அழகு. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வேண்டாம், ஈர்க்கு முனை குத்தும். கடற்கரையிலும் சரிப்படாது, காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்.