தேக்குத் தரையில் காயாத பாலிஷ்

மாடி அறையின் பழைய தேக்குப் பலகைத் தரையை மெஷினில் தேய்த்து, ஆயில் வகை பாலியூரித்தேன் பாலிஷ் அடித்தேன். நான்கு நாளாகியும் காலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஈரக்காற்றுதான் என்று நினைத்து இரவு பகலாக ஃபேன் ஓடவிட்டேன். புது டின் வாங்கி ஒரு மூலையில் அடித்துப் பார்த்தேன், காசுதான் தண்டம்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. பலகைகளின் வெளுத்த ஓரங்கள் நன்றாகக் காய்ந்திருந்தன, வைரம் பாய்ந்த கறுத்த பகுதி மட்டும் ஒட்டியது. தேக்கின் வைரத்தில் இருக்கும் எண்ணெய்ப் பசைதான் பூச்சைக் காயவிடாமல் தடுத்திருக்கிறது. மெஷினில் தேய்க்கத் தேய்க்க எண்ணெய்ப் பசையுள்ள புதுப்பரப்பு வெளியே வந்ததுதான் மிச்சம்.

பழைய பூச்சைச் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து எண்ணெயைக் கரைக்கும் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தேன். துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். எண்ணெய் மறுபடி கசிவதற்குள், அரைமணி நேரத்திலேயே மெல்லிசாக முதல் கோட். மறுநாள் விரல் வைத்தேன், ஒட்டவில்லை. அப்பாடா!