அண்ணனுக்கு டி.எம்.எஸ். தேடியபோது: பக்கத்திலேயே ஓர் இடம் பிடிப்பது எப்படி

என் அண்ணனுக்கு டிப்ரெஷன். இரண்டு விதமான மாத்திரைகளைப் போதிய டோஸில், போதிய நாள் சாப்பிட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. "டி.எம்.எஸ். செய்து பார்க்கலாம், காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை" என்று டாக்டர் சொன்னதும், ஷாக் ட்ரீட்மென்ட் என்று நினைத்து அம்மா அழுதுவிட்டார். இது அது இல்லை. மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் இடப்பக்கம் முன்புறமாக ஒரு காயிலை (கம்பிச் சுருள்) வைப்பார்கள். அதன் காந்தத் துடிப்பு மண்டையோட்டைத் தாண்டி மூளையின் அந்த இடத்தைத் தூண்டும். டக்டக்கென்று சத்தம் வரும், அதற்குக் காதில் அடைப்பான். முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். அமெரிக்காவில் 2008-லேயே இதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

தேடும்போது முதலில் தூரத்தைப் பாருங்கள். வழக்கமாக வாரத்துக்கு 5 நாள், 4 முதல் 6 வாரம் வரை போக வேண்டும். பெங்களூருவில் இருக்கிற மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குத்தான் போகவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நல்ல இடம்தான். ஆனால் குளிக்கவே தெம்பில்லாத மனுஷனை ஒரு மாதம் வெளியூரில் வைத்து எப்படிப் பார்ப்பது? கடைசியில் தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷனில் ஓர் இடம் கிடைத்தது. அதனால்தான் ஒரு சிட்டிங்கும் விடாமல் முடிக்க முடிந்தது.

இடத்தை எங்கே விசாரிப்பது? பார்க்கிற மனநல மருத்துவரிடமே முதலில் கேளுங்கள். அப்புறம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுக்குப் போன் செய்து, மெஷின் இருக்கிறதா, இப்போது ஓடுகிறதா என்று இரண்டையும் கேளுங்கள்.

நாங்கள் முதலில் போன ஒரு சென்டரில், பழைய சீட்டைக்கூடப் பார்க்காமல் "30 சிட்டிங், மொத்தப் பணமும் இன்றே கட்டுங்கள், நிச்சயம் குணமாகும்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். இந்தச் சிகிச்சை எல்லாருக்கும் பலன் தருவதில்லை, நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது இடத்தில் டாக்டர் முதலில் கேட்டது பணத்தை இல்லை: வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் கேட்க வைக்கும் காக்ளியர் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர் ஏதாவது உண்டா, என்னென்ன மாத்திரை, குடிப்பழக்கம் உண்டா. அரிதாக இதில் வலிப்பு வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். முதல் நாள், கட்டைவிரல் துடிக்கிற அளவைப் பார்த்து அண்ணனுக்கான காந்தத் துடிப்பின் வலிமையைக் கணக்கிட்டார்கள். அதை அளக்காமல் ஆரம்பிக்கிற இடம் வேண்டாம்.

ஒரு சிட்டிங் எத்தனை நிமிடம் என்றும் கேளுங்கள். பழைய முறையில் அரை மணிக்கு மேல் ஆகும். துடிப்புகளைக் கொத்துக்கொத்தாக வேகமாகக் கொடுக்கும் தீட்டா பர்ஸ்ட் முறையில் 3 நிமிடம்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். பணத்தைச் சிட்டிங் கணக்கில் கட்ட முடிந்தால் நல்லது. 2017 மனநலச் சட்டப்படி, உடல் நோய்க்குப் போலவே மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும். ஆனால் இது அட்மிட் ஆகாமல் செய்வது. உங்கள் பாலிசியில் வெளிநோயாளிச் செலவு சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இதன் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். சாக வேண்டும் என்று அவர் பேசினால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

முதல் வாரம் அண்ணனுக்குத் தலைவலி இருந்தது, பாராசிட்டமால் போதுமாக இருந்தது. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. கோர்ஸ் முடிந்ததும் காயில் வைத்த இடம், கட்டைவிரல் துடித்த அளவு, ஒரு நாளைக்கு எத்தனை துடிப்பு, எல்லாவற்றையும் எழுதி வாங்கி பைலில் வையுங்கள். பின்னால் திரும்பத் தேவைப்பட்டால் வேறு ஊர் டாக்டர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.