கில்மேன் திரும்ப வருகிறானாம்: ரீமேக் வதந்தியைப் படிப்பது எப்படி?

'கிரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்' படத்துக்கு ரீமேக் வரப்போகிறது என்ற செய்தி 1980-களின் தொடக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, படம்தான் வந்தபாடில்லை. மூலப் படம் 1954-ல் வந்தது. யுனிவர்சல் தயாரிப்பு, ஜாக் ஆர்னால்ட் இயக்கம், கறுப்பு வெள்ளை, அதுவும் 3டி. அமேசான் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு நீர்நிலை, அதற்குள் பாதி மீனும் பாதி மனிதனுமாக ஒரு ஜந்து. ரசிகர்கள் அவனைக் கில்மேன் என்பார்கள். டிராகுலா, மம்மி, ஓநாய் மனிதன், கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்று அந்த ஸ்டுடியோவின் பழைய கூட்டாளிகள் எல்லோருக்கும் புதுப் படம் கிடைத்துவிட்டது. இவன் மட்டும் இன்னும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறான்.

அதனால் மான்ஸ்டர் பட வதந்திகளை எடைபோடக் கற்றுக்கொள்ள இவனைவிட நல்ல பாடம் கிடையாது. அடுத்த முறை யாராவது "உறுதி! உறுதி!" என்று குரூப்பில் ஃபார்வர்ட் செய்தால் என்ன பார்க்கவேண்டும், எதைக் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்கிறேன்.

முதலில், இயக்குநர் பெயரைப் பார்த்துத் துள்ளாதீர்கள். ஹாலிவுட்டில் ஒரு பழைய மான்ஸ்டர் படத்துக்கு இயக்குநர் பெயரை ஒட்டவைப்பது ரொம்பச் சுலபம், கழற்றுவது அதைவிடச் சுலபம். கில்மேன் கதையையே எடுத்துக்கொள்வோம். 1982 வாக்கில் ஜான் லேண்டிஸ் முயற்சியில், மூலப் படத்தை எடுத்த ஜாக் ஆர்னால்டே திரும்ப இயக்குவதாக இருந்தது, பிரிட்டனின் நைஜல் நீல் திரைக்கதை எழுதினார். 1990-களின் தொடக்கத்தில் ஜான் கார்பென்டர். பிறகு பீட்டர் ஜாக்சனைக் கேட்டார்கள், அவர் கிங் காங் பக்கம் போய்விட்டார். அப்புறம் கியர்மோ டெல் டோரோ. 2000-களில் பிரெக் ஐஸ்னர், அவருக்குப் பின் கார்ல் ரின்ஷ். நடுவில் கேரி ராஸ் வேறு வந்துபோனார். அவர் அப்பா ஆர்தர் ராஸ் 1954 படத்தின் எழுத்தாளர்களில் ஒருவர் என்பதால் "இந்த முறை கண்டிப்பாக நடக்கும், ரத்த சம்பந்தம்" என்று ரசிகர்கள் நம்பினார்கள். இத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு ஷாட் எடுக்கவில்லை.

ஆகவே செய்தி வந்ததும் கேட்கவேண்டிய கேள்வி, விஷயம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான். பேச்சு நடக்கிறதா, எழுத்தாளருக்கு அட்வான்ஸ் போயிருக்கிறதா, ஸ்கிரிப்ட் கைக்கு வந்துவிட்டதா, பட்ஜெட்டுக்கு ஸ்டுடியோ தலையாட்டிவிட்டதா, செட் போடுகிறார்களா? 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வான் பெயர் அடிபட்டபோது செய்தியில் இருந்தது 'பேச்சுவார்த்தை' மட்டும்தான். அதை நம் ஆட்கள் மறுநாளே 'ஜேம்ஸ் வான் இயக்கும்' என்று ஆக்கிவிட்டார்கள். வெரைட்டி, டெட்லைன், ஹாலிவுட் ரிப்போர்ட்டர் என்ற மூன்று சினிமாச் செய்தித் தளங்களும் கவனமாக எழுதுபவை, அங்கே ஒவ்வொரு சொல்லும் அளந்து போட்டிருக்கும். அதை எடுத்து யாரோ வீடியோ போட்டு, அந்த வீடியோவைப் பார்த்து இன்னொருவர் எழுதும்போதுதான் அளவு போய்விடுகிறது. எப்போதும் முதலில் வந்த செய்தியைத் தேடிப் படியுங்கள்.

அடுத்து, யாரும் பார்க்காத ஒரு இடத்தைப் பாருங்கள்: அதே நேரத்தில் பக்கத்தில் தயாராகும் படங்கள். என் கணிப்பில் மான்ஸ்டர் ரீமேக்குகளைப் பெரும்பாலும் கொல்வது மோசமான ஸ்கிரிப்ட் கிடையாது, பக்கத்துப் படம்தான். 1982 கில்மேன் படத்தையும் 3டியில் எடுக்கத்தான் நினைத்தார்கள். ஆனால் அதே யுனிவர்சல் கையில் இன்னொரு 3டி தண்ணீர்ப் படம் இருந்தது, 'ஜாஸ் 3-டி'. ஸ்டுடியோ சுறாவை எடுத்துக்கொண்டது, அது 1983-ல் வந்தது, கில்மேன் ஓரங்கட்டப்பட்டான். பீட்டர் ஜாக்சனின் கிங் காங்குக்கும் இதே கதிதான். 1996-ல் நியூசிலாந்தில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் 'மைட்டி ஜோ யங்' என்ற இன்னொரு ராட்சதக் கொரில்லாப் படமும் ஹாலிவுட் 'காட்ஸில்லா'வும் 1998-க்கு வருகின்றன என்றதும் 1997 தொடக்கத்தில் யுனிவர்சல் கையை விரித்துவிட்டது. ஜாக்சன் போய் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எடுத்தார், அதன் மூன்றாம் பாகத்தை முடித்துக்கொண்டிருந்தபோதே அதே ஸ்டுடியோ அவரைக் கூப்பிட்டுக் காங்கை எடுக்கவைத்தது, படம் 2005-ல் வந்தது. அதனால் 'டிராப்' என்று செய்தி வந்தாலும் உடனே ஒப்பாரி வைக்கவேண்டியதில்லை.

இயக்குநரின் முந்தைய படம் என்ன வசூல் செய்தது என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். 1992-ல் கார்பென்டரின் 'மெமாயர்ஸ் ஆஃப் அன் இன்விசிபிள் மேன்' ஊற்றிக்கொண்டது. அவருடைய கில்மேன் படமும் அதற்குப் பின் நகரவே இல்லை.

ரிலீஸ் தேதி அறிவித்துவிட்டார்களே, அது போதாதா என்பீர்கள். போதாது. ரிலீஸ் தேதி என்பது பஸ் சீட்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி, ஆள் ஏறுவாரா என்பது வேறு விஷயம். 2017 மே 22-ஆம் தேதி யுனிவர்சல் 'டார்க் யுனிவர்ஸ்' என்று பெரிய மேளதாளத்துடன் அறிவித்தது. டாம் குரூஸ், ரஸ்ஸல் க்ரோ, ஜானி டெப், ஹாவியர் பார்டெம், சோஃபியா பூடெல்லா எல்லோரும் சேர்ந்து நிற்கும் ஒரு புகைப்படம், அதற்கென்று தனி லோகோ, டேனி எல்ஃப்மேன் போட்ட தனித் தீம் இசை. 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' 2019 பிப்ரவரி 14-ல் வெளிவரும், பில் காண்டன் இயக்கம் என்று நாள்வரை சொன்னார்கள். ஜூனில் 'த மம்மி' வந்தது, எதிர்பார்த்தபடி போகவில்லை. அக்டோபரில் பிரைட் படம் காலண்டரிலிருந்து காணாமல் போனது. (வேடிக்கை என்னவென்றால் அந்த 'டார்க் யுனிவர்ஸ்' பெயர் வீணாகவில்லை. ஆர்லாண்டோவில் எபிக் யுனிவர்ஸ் என்ற தீம் பார்க் 2025 மே 22-ல் திறந்தது, அதற்குள் ஒரு பகுதிக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். தீம் பார்க்குக்காகச் செய்யும் சிலையையும் பொம்மையையும் பார்த்துப் புதுப் படம் என்று கிளம்பும் வதந்திகளும் உண்டு, அதையும் கவனியுங்கள்.)

இதற்கு நேர்மாறாக 'த இன்விசிபிள் மேன்' வந்த விதத்தைப் பாருங்கள். லீ வானல் எழுதி இயக்க, ப்ளம்ஹவுஸ் 70 லட்சம் டாலர் சொச்சத்தில் தயாரிக்க, 2019-ல் சிட்னியில் ஷூட்டிங், 2020 பிப்ரவரியில் தியேட்டர். உலக வசூல் 14 கோடி டாலருக்கு மேல். அறிவிப்புக்கும் ரிலீஸுக்கும் நடுவே ஒரு வருடம் சொச்சம்தான். சத்தம் குறைவாக, பட்ஜெட் சின்னதாக, எழுதுகிறவரே இயக்குகிறவராக இருந்தால் அந்தச் செய்தியை நான் கூடுதலாக நம்புவேன். பத்துப் படத்துக்குச் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்களை நம்பமாட்டேன்.

நடிகர் பெயர்கள் விஷயத்தில் இன்னும் அலட்சியமாக இருங்கள். ஓநாய் மனிதன் படத்துக்கு 2020-ல் ரையன் காஸ்லிங் என்றார்கள், 2025 ஜனவரியில் வந்தபோது திரையில் இருந்தவர் கிறிஸ்டோஃபர் ஆபட். டெல் டோரோவின் ஃபிராங்கன்ஸ்டைனில் ஜந்துவாக ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நடிப்பதாக இருந்து, 2023 ஹாலிவுட் நடிகர் வேலைநிறுத்தத்தால் தேதிகள் மோதியதில் அவர் விலக, ஜேகப் எலோர்டி வந்தார். கால்ஷீட் பிரச்சினை உலகம் பூராவும் ஒன்றுதான்.

சரி, எதைத்தான் நம்புவது? காசு உண்மையில் செலவாகத் தொடங்கியதற்கான தடயங்களை. கலிஃபோர்னியாவில் வரிச்சலுகை கிடைத்த படங்களின் பட்டியலை அங்கே உள்ள திரைப்பட ஆணையமே வெளியிடுகிறது, அதில் பல படங்கள் ரகசியப் பெயரில் இருக்கும். ரகசியப் பெயர் புதிதில்லை, 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' படத்தையே 'ப்ளூ ஹார்வெஸ்ட்' என்ற பெயரில் ஒரு ஹாரர் படம்போலக் காட்டித்தான் எடுத்தார்கள். அடுத்த தடயம், மான்ஸ்டரைச் செய்யப்போகும் மேக்கப் கலைஞர் யார் என்ற செய்தி. உடையும் முகமூடியும் செய்ய மாதக்கணக்கில் ஆகும், சும்மா பேச்சில் இருக்கும் படத்துக்கு அவ்வளவு செலவு செய்யமாட்டார்கள். ஆனால் இதுவும் நூற்றுக்கு நூறு கிடையாது. கார்பென்டர் காலத்தில் ரிக் பேக்கர் கில்மேனுக்கு மாதிரிச் சிற்பங்களே செய்தார், அவை சிற்பங்களாகவே நின்றுவிட்டன.

ரிக் பேக்கர் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1976 கிங் காங் படத்துக்குக் கார்லோ ராம்பால்டி 40 அடி உயர இயந்திரக் குரங்கு செய்தார், செலவு 17 லட்சம் டாலர், விளம்பரம் முழுக்க அதைப் பற்றித்தான். படத்தில் அது வருவது சில நொடிகள். மற்றபடி பெரும்பாலான நேரம் குரங்கு உடைக்குள் இருந்தது ரிக் பேக்கர். இன்றைக்கு "கிராஃபிக்ஸே கிடையாது, எல்லாம் நிஜ மேக்கப்" என்று தயாரிப்பாளர் சொல்லும்போது அந்த 40 அடிக் குரங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஷூட்டிங் முடிந்த பிறகும் வதந்தி ஓயாது, அங்கே வேறு மாதிரிப் படிக்கவேண்டும். 2010-ல் வந்த 'த வுல்ஃப்மேன்' நல்ல உதாரணம். ஷூட்டிங் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது இயக்குநர் மார்க் ரோமனெக் விலகினார், ஜோ ஜான்ஸ்டன் வந்தார். ரிலீஸ் தேதி மாறிக்கொண்டே போனது. எல்ஃப்மேன் இசையைத் தூக்கிவிட்டு வேறொருவரைப் போட்டு, கடைசியில் திரும்ப எல்ஃப்மேன் இசைக்கே வந்தார்கள். இவ்வளவு குளறுபடி தெரிந்தால் திரைக்கதை தைத்துத் தைத்துப் போட்டதாகத்தான் இருக்கும், அப்படியேதான் இருந்தது. ஆனால் ஓநாய் மேக்கப்புக்கு ரிக் பேக்கரும் டேவ் எல்சியும் ஆஸ்கர் வாங்கினார்கள்.

போலி டிரெய்லர் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஸ்டுடியோவின் சொந்தச் சேனலில் இல்லையென்றால் நகருங்கள். கீழே எங்காவது சின்ன எழுத்தில் 'கான்செப்ட்' என்று இருக்கும். ஃபிராங்கன்ஸ்டைன், டிராகுலா நாவல்கள் யாருக்கும் சொந்தமில்லை, எவர் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்பதால் அங்கே வரும் அறிவிப்புகளில் பாதி உண்மையாகவே இருக்கக்கூடும். கில்மேன் அப்படி இல்லை. அவன் நாவலிலிருந்து வந்தவன் கிடையாது, யுனிவர்சல் பெற்ற பிள்ளை. வேறு எந்தக் கம்பெனியாவது "பிளாக் லகூன் எடுக்கிறோம்" என்றால் யோசிக்காமல் தள்ளிவிடலாம்.

அதே சமயம், வேறு பெயரில் வருவதைத் தவறவிடாதீர்கள். ஜந்துவின் பக்கம் நின்று சொல்லும் காதல் கதையாக டெல் டோரோ யுனிவர்சலிடம் கொண்டுபோனது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் அந்த ஆசையை வைத்துக்கொண்டே இருந்து 2017-ல் 'த ஷேப் ஆஃப் வாட்டர்' எடுத்தார், சுமார் 2 கோடி டாலர் பட்ஜெட்டில், வேறு ஸ்டுடியோவுக்கு. சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட நான்கு ஆஸ்கர். என்னைக் கேட்டால் கில்மேன் ரீமேக் ஏற்கெனவே வந்தாயிற்று, டைட்டில்தான் வேறு.

காத்திருக்கும் நேரத்தில் 1954 படத்தைப் பாருங்கள், 79 நிமிடம்தான். ஜூலி ஆடம்ஸ் நடித்த நாயகி மேலே நீந்த, அவருக்கு நேர் கீழே, அவருக்குத் தெரியாமல், கில்மேன் மல்லாந்தபடி அதே வேகத்தில் நீந்தும் காட்சிக்காகவே பார்க்கலாம். தரையில் வரும் கில்மேன் பென் சாப்மேன், தண்ணீருக்குள் வருபவர் ரிக்கோ பிரவுனிங். பிரவுனிங் பகுதி ஃபுளோரிடாவின் வாகுல்லா ஊற்றில் எடுத்தது. உடைக்குள் ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடையாது, கேமராவுக்கு வெளியே ஒரு காற்றுக் குழாயில் இழுத்துக்கொண்டு வந்து மூச்சடக்கி நடித்தார். உருவத்தை வடிவமைத்தவர் மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண், ஆனால் பெயரைத் தட்டிக்கொண்டு போனது மேக்கப் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோர்.

ஜேம்ஸ் வான் படம் நடக்குமா? அவருடைய தயாரிப்பு நிறுவனமான அட்டாமிக் மான்ஸ்டர், 2024 ஜனவரியில் ப்ளம்ஹவுஸோடு இணைந்துவிட்டது, சின்ன பட்ஜெட்டில் வேகமாக முடிக்கத் தெரிந்தவர்கள், அதனால் முந்தைய முயற்சிகளைவிட வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் தண்ணீர்ப் படத்தை 70 லட்சம் டாலரில் எடுக்க முடியாது. 'ஆக்வாமேன்' எடுத்தபோது வான் தண்ணீருக்கடிக் காட்சிகளில் பெரும்பகுதியை நடிகர்களைக் கருவியில் தொங்கவிட்டுத் தரையிலேயே எடுத்து, தண்ணீரைப் பின்னால் கணினியில் சேர்த்தார். ஆகவே நான் அடுத்து பார்க்கப்போவது நடிகர் பட்டியலை இல்லை. எங்கே எடுக்கிறார்கள், நிஜத் தண்ணீர்த் தொட்டி புக் ஆகிறதா, நீச்சல் தெரிந்த ஒரு ஸ்டண்ட் ஆளை உடைக்குள் இறக்குகிறார்களா என்பதைத்தான். அந்தச் செய்தி வந்தால் எனக்கும் ஃபார்வர்ட் பண்ணுங்கள், அதுவரைக்கும் ரசிகர் போஸ்டரெல்லாம் வேண்டாம்.