மதுரையிலிருந்து அமெரிக்கா வரை: விமானப் பயணத்தில் பெட்டிகளின் எடைக் கணக்கைப் புரிந்துகொள்வது எப்படி?

சென்ற ஆண்டு என் பெற்றோரை மதுரையிலிருந்து சென்னை வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தேன். அவர்களுடைய பன்னாட்டுப் பயணச்சீட்டில் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள் என்றிருந்ததால், நான்கு பெட்டிகளையும் நிறையக் கட்டியிருந்தேன். மதுரை விமான நிலையத்தில் எடை போட்டபோது, 92 கிலோவில் 30 கிலோவுக்கு மட்டுமே அனுமதி என்றார்கள். மீதி 62 கிலோவுக்கும் கிலோ கணக்கில் பணம் கட்டினோம். வேறு எவருக்கும் இந்தச் செலவு நேரக்கூடாது என்பதற்காகவே, அதன்பின் நான் கற்றுக்கொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதற்படி: உங்கள் இ-டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் நேராக உள்ள பேக்கேஜ் விவரத்தைப் படியுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே விமானத்தில்கூட, வாங்கிய கட்டண வகையைப் பொறுத்து அனுமதி மாறும் என்பதால், உறவினர் சொன்ன எண்ணை நம்பக்கூடாது. இந்திய உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் செக்-இன் செய்ய (அதாவது, கவுன்டரில் ஒப்படைக்க) 15 கிலோவும், கையில் எடுத்துச்செல்ல 7 கிலோவும் கிடைக்கும்.

இரண்டாம் படி: அந்த அனுமதி எடைக் கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா என்று பாருங்கள். எண்ணுக்குப் பின் ‘கே’ என்ற எழுத்து இருந்தால் அது மொத்த எடை. ‘பிசி’ என்றிருந்தால் அது பெட்டிகளின் எண்ணிக்கை. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் பல பயணங்களில் எடைக் கணக்கும், அமெரிக்கா, கனடா பயணங்களில் எண்ணிக்கைக் கணக்கும் வழக்கத்தில் உள்ளன. எண்ணிக்கைக் கணக்கில் பெட்டிக்கு 23 கிலோ வரம்பு என்றிருக்க, ஒரு பெட்டி 26 கிலோவும் மற்றொன்று 20 கிலோவும் இருந்தால், கூட்டுத்தொகை 46 கிலோவுக்குள் அடங்கினாலும் 26 கிலோ பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் அளவு. பெட்டிகளைத் தூக்கும் ஊழியர்களின் உடல்நலம் கருதி, கூடுதல் பணம் கட்டினாலும் 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியைப் பொதுவாக ஏற்பதில்லை.

மூன்றாம் படிதான் நான் தவறிய இடம். மதுரை–சென்னைப் பயணத்தையும் சென்னை–அமெரிக்கப் பயணத்தையும் தனித்தனியாகப் பதிவுசெய்திருந்தேன். ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் பயணம் செய்தாலும், பிஎன்ஆர் எண் வேறாக இருந்தால் அவை இரண்டு தனிப் பயணங்களே; உள்நாட்டு விமானத்துக்கு உள்நாட்டு அனுமதிதான் பொருந்தும். முழுப் பயணமும் ஒரே பயணச்சீட்டில் இருந்தால், பொதுவாகப் பன்னாட்டு அனுமதியே மதுரையிலிருந்து இறுதி ஊர் வரை செல்லும். தனிச்சீட்டுகளின் கூட்டுத்தொகை குறைவாகத் தெரிந்தாலும், கூடுதல் எடைக்கான கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். தனிச்சீட்டு தவிர்க்க முடியாததானால், கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். விமான நிலையக் கவுன்டரில் அதற்கு அதிக விலை. பெட்டிகள் மிகப் பல என்றால், சென்னை வரை ரயிலில் செல்வதையே நான் பரிந்துரைப்பேன்.

நான்காம் படி: வீட்டிலேயே எடை பாருங்கள். குளியலறை எடைமேடையில் பெட்டியை நிறுத்தினால் எண் மறைந்துவிடுகிறது. கைப்பிடியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தராசே சிறந்தது. முதலில் காலிப் பெட்டியை எடை பாருங்கள். கெட்டியான பெரிய டிராலிப் பெட்டியே 5 கிலோ வரை இருக்கும் என்பதால், 15 கிலோ அனுமதியில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். தராசுகளுக்கிடையே வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், 23 கிலோ பெட்டியை 22 கிலோவில் நிறுத்திவிடுவது என் வழக்கம்.

ஐந்தாம் படி: பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்கவேண்டும். அதன் மின்சேமிப்புத் திறன் 100 வாட்-மணி வரை இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. பவர் பேங்கில் அச்சிட்டிருக்கும் 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணிதான். பன்னாட்டுப் பயணத்தில் கைப்பையில் உள்ள திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு உட்பட்ட கொள்கலனில் இருக்கவேண்டும் என்பதால், ஊறுகாயையும் நெய்யையும் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

பின்சேர்க்கை: பூசைக்காக எடுத்துச்சென்ற கொப்பரைத் தேங்காயைச் சோதனையில் எடுத்துவிட்டதாக ஒரு வாசகர் தெரிவித்தார். எண்ணெய்ச்சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், இந்திய விமான நிலையங்களில் அது செக்-இன் பெட்டியிலும் தடைசெய்யப்பட்டுள்ளது.

திரும்பும் பயணம் பற்றி மற்றொருவர் கேட்டிருந்தார். பெட்டியின் சீட்டில் மதுரை என்று ஒட்டியிருந்தாலும், முதலில் இறங்கும் இந்திய நிலையத்தில் பொதுவாக நீங்களே பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, உள்நாட்டு விமானத்துக்கு மீண்டும் ஒப்படைக்கவேண்டும். ஒரே பயணச்சீட்டாக இருந்தாலும் இதற்காக மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். பன்னாட்டுப் பயணத்தில் பெட்டி சேதமடைந்திருந்தால், அந்த நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதிக்கொடுங்கள்; விமானப் பயண இழப்பீடு பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி, பெட்டி கைக்கு வந்த 7 நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்காவிட்டால் இழப்பீடு கோர முடியாது.