கியர் பாக்ஸ் சத்தமா? இறக்குவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

பழைய வண்டியில் அடியிலிருந்து 'உய்ங்' என்று ஒரு சத்தம் வந்தாலே, "கியர் பாக்ஸ் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படி முடிவு கட்டினேன். கியர் பாக்ஸை இறக்கி, பேரிங்கையெல்லாம் மாற்றி, இடுப்பு ஒடிய மறுபடி ஏற்றி ஓட்டிப் பார்த்தால், அதே சத்தம். கடைசியில் அது பின் சக்கர பேரிங்.

அதிலிருந்து ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஒன்றை மட்டும் கவனிக்கிறேன்: சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது. கியர் பாக்ஸுக்குள் எல்லாப் பாகமும் எப்போதும் சுற்றுவதில்லை. கிளட்ச் பெடலை மிதித்தால் சில நிற்கும், வண்டி நகர்ந்தால் வேறு சில சுற்றும். சத்தம் எதனோடு சேர்ந்து வந்து போகிறதோ, அங்கேதான் கோளாறு.

படி 1: சத்தம் கியர் பாக்ஸில்தானா?

ஆளில்லாத, நேரான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். சத்தம் நன்றாகக் கேட்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, வண்டியைத் தானாக உருள விடுங்கள். எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள். பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.

எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் சத்தம் மாறாமல் தொடர்ந்து, வண்டி மெதுவாகும்போது தானும் மெதுவாகத் தணிந்தால், முதல் சந்தேகம் டயர், சக்கர பேரிங், டிஃபரென்ஷியல் (சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) மேல் விழ வேண்டும். ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஒடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் பெரும்பாலும் சக்கர பேரிங்தான். (கியர் பாக்ஸின் பின்பக்க பேரிங்கும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவதால், அதை முழுசாகத் தள்ளிவிட முடியாது.) நியூட்ரலுக்கு வந்ததுமே சத்தம் அடங்கிவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: நின்ற இடத்தில் பெடல் சோதனை

என்னைக் கேட்டால், பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். சமதளத்தில், திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் சூடானதும் நியூட்ரலில், பெடலில் கால் வைக்காமல் கேளுங்கள்.

இப்போது கிளட்ச் பிடித்திருக்கிறது. அதனால் எஞ்சினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டும், அதோடு பல் கோத்திருக்கும் பக்கத்துத் தண்டான லே ஷாஃப்ட்டும் சுற்றுகின்றன. இந்த நிலையில் 'ர்ர்ர்' என்று உறுமி, பெடலை முழுவதும் மிதித்ததும் அடங்கினால், இந்த இரண்டில் ஒன்றின் பேரிங் தேய்ந்திருக்கிறது. லேசான 'கடகட' மட்டும் கேட்டு, எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டியதும் மறைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி எழுப்பும் சத்தம் அது. பழைய வண்டிகளில் சகஜம்.

இதற்கு நேர்மாறாக, மிதிக்காதபோது அமைதியாக இருந்து, பெடலில் காலை வைத்து அழுத்தத் தொடங்கியதும் 'கீச்' என்றால் ரிலீஸ் பேரிங். இது பெடலை மிதிக்கும்போது கிளட்சை விலக்கும் பேரிங்; கியர் பாக்ஸுக்கு வெளியே, கிளட்சோடு சேர்ந்த பாகம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, பலர் தவறவிடுவது. பெடலை முழுவதும் மிதித்து, முதல் கியரைப் போட்டு, அப்படியே பிடித்திருங்கள். இப்போது ஃபிளைவீல் (எஞ்சினின் பின்முனையில் இருக்கும் கனமான சக்கரம்) சுற்றுகிறது, இன்புட் ஷாஃப்ட் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பைலட் பேரிங் இந்த நேரத்தில்தான் வேலை செய்கிறது. சத்தம் இங்கே மட்டும் வந்தால் அதைச் சந்தேகியுங்கள். முன்சக்கர இழுவை வண்டிகள் பலவற்றில் இந்த பேரிங்கே கிடையாது.

படி 3: ஒவ்வொரு கியராக

ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால், அந்தக் கியரின் பற்களோ அதன் பேரிங்கோ தேய்ந்திருக்கும். பின்சக்கர இழுவை வண்டியில் எல்லாக் கியரிலும் கத்திவிட்டு நாலாவதில் மட்டும் சத்தம் குறைந்தால், லே ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் நாலாவது கியர் நேரடி இணைப்பு. சுமை லே ஷாஃப்ட் வழியாகப் போகாது.

ரிவர்ஸில் மட்டும் ஊளையா? விட்டுவிடுங்கள். பழைய கியர் பாக்ஸ்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. அவை அப்படித்தான் கத்தும்.

கியர் மாற்றும்போது 'கர்ர்' என்று அரைத்தால், வண்டியை நிறுத்தி, பெடலை முழுவதும் மிதித்து, ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கிளட்ச் சரியாக விடவில்லை: கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் என்றால் காற்று புகுந்திருக்கலாம். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்து, ஓடும்போது குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் அரைத்தால், அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் (கியர் விழும் முன் வேகங்களைச் சமன் செய்யும் வளையம்) தேய்ந்திருக்கிறது.

படி 4: ஆயில்

நியாயமாக இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆயில் குறைந்தாலே எல்லாக் கியரும் முனகும். எஞ்சினை அணைத்து, வண்டியை நாலு ஸ்டாண்டின் மேல் சமமாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துத் திறக்காமல் போய், அதற்குள் கீழ்ப் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டிருந்தால், வண்டி அங்கேயே நிற்கும். பல வண்டிகளில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். சுண்டு விரலை விட்டுப் பார்த்தால் தெரியும்.

வடித்த ஆயிலைச் சுத்தமான தட்டில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறச் சேறு கொஞ்சம் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். மஞ்சள் மினுமினுப்பு பித்தளை, அதாவது சிங்க்ரோ ரிங். நகத்தில் தட்டுப்படும் இரும்புத் துண்டோ ஊசி மாதிரி உருளையோ கிடைத்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அப்புறம், கையேட்டில் கியர் ஆயிலின் தரம் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் ஜிஎல்-4 மட்டுமே ஊற்றுங்கள். ஜிஎல்-5 இன்னும் உசத்தி என்று நினைத்து ஊற்றினால், அதில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்றால், ரிலீஸ் பேரிங்கும் பைலட் பேரிங்கும் நன்றாக இருந்தாலும் கையோடு மாற்றிவிடுங்கள். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் கிளட்ச் பிளேட்டின் தடிமனையும் பார்த்துவிடுங்கள். இவற்றில் எது போனாலும் மறுபடி கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும்.